கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

தோட்டம் பார்க்கப் போகிற பலர், வாசலில் உள்ள 'இயற்கை முறைக் காப்பி' பலகையைப் படம் எடுத்து, ஒரு டம்ளர் காப்பி குடித்து, கால் கிலோ பொடி வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார்கள். பலகை எழுத யாராலும் முடியும். நிலத்தைக் கெடுக்காமல் விவசாயம் நடக்கிறதா என்பதற்குத் தோட்டத்துக்குள்ளேயே நான்கு சாட்சிகள் இருக்கின்றன: நிழல், மண், தண்டு, பழம் கழுவிய தண்ணீர். இந்த நான்கையும் பார்க்கத் தெரிந்துகொண்டால் அரை நாளில் ஒரு தோட்டத்தின் கதை விளங்கிவிடும். அதற்கான வழிகாட்டிதான் இது.

எடுத்துக்கொண்ட இடம் திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலை: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மங்களங்கொம்பு பக்கம். இங்கே விளைவது பெரும்பாலும் அரபிகா என்ற காப்பி வகை. மத்திய அரசின் காப்பி வாரியத்தின் கணக்கில் 10 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. நீங்கள் பார்க்கப் போவது அதிலும் சிறிய, இரண்டு மூன்று ஏக்கரில் குடும்பமே இறங்கி வேலை செய்கிற தோட்டங்களாக இருக்கட்டும். பெரிய எஸ்டேட்டில் வழிகாட்டி ஒருவர் பாடம் ஒப்பிப்பார். சின்னத் தோட்டத்தில் கவாத்துக் கத்தியும் கையுமாக இருப்பவரிடமே கேட்கலாம்.

எப்போது போவது

பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு முதல் பத்து நாளில் செடி முழுக்கப் பூத்துவிடும். மூன்று நான்கு நாள்தான், பிறகு உதிர்ந்துவிடும். மல்லிகைக் காடு போல மணக்கும். ஆனால் மழையை நம்பி ஊரிலிருந்து தேதி குறிக்க முடியாது. தோட்டக்காரரிடம் சொல்லி வைத்து, "மழை பெய்துவிட்டது" என்று அவர் போன் செய்த அன்றே பஸ் டிக்கெட் எடுக்கிறவர்களுக்குத்தான் பூ கிடைக்கும். பூத்த பிறகு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும். அது தவறினால் பிஞ்சு நிற்காது. எனவே ஏப்ரல் மாதம் தோட்டக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழம் பறிப்பது அக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி, சில இடங்களில் பிப்ரவரி வரை போகும். இங்கேதான் கீழ்ப்பழனிக்கே உரிய ஒரு சிக்கல். சிக்கமகளூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வெயில் வந்த பிறகு பழம் பறிப்பார்கள். இங்கே பழம் பழுக்கிற மாதமும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. காயப்போட்ட கொட்டையை நாளுக்கு நான்கு முறை அள்ளி மூடிக்கொண்டிருக்கும் நவம்பரில் விருந்தாளியாகப் போய் நிற்காதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியப் போனால் பறிப்பு, பல்பர் என்ற இயந்திரத்தில் பழத்தோலை உரிப்பது, காயவைப்பு மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்ல சமயம்.

போவதற்கு முன்

குறைந்தது பத்து நாள் முன்பே போன் செய்து கேளுங்கள். தோட்டக்காரர் யாரையும் தெரியாது என்றால் தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். பெரும்பாறைப் பக்கம் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பட்டர் ஃப்ரூட்டில் டி.கே.டி. 1 என்ற ரகம் வந்தது அங்கிருந்துதான். வீட்டில் அறை வாடகைக்குத் தரும் தோட்டங்களும் இருக்கின்றன. எப்படிப் போனாலும் பணப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள்: சுற்றிக் காட்ட எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு. பறிப்புக் காலத்தில் அரை நாள் உங்களோடு நடந்தால் அவருக்கு அரை நாள் கூலி போகிறது. கூச்சப்பட்டு அவர் சொல்லாமல் விட்டாலும் நீங்களே கேட்டுக் கொடுப்பதுதான் முறை. ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போக வேண்டாம். வரிசைக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். கடைசியில் வருபவருக்கு எதுவும் காதில் விழாது.

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு மலைப்பாதை ஏறுகிறது. கொடைக்கானல் சாலையில் ஊத்து வரை போய்ப் பண்ணைக்காடு வழியாகவும் வரலாம். கொடைக்கானல் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இ-பாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

பிடிமானமுள்ள ஷூ, முழுக்கை சட்டை, முழங்கால் வரை சாக்ஸ். ஈரம் இருந்தால் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பையோ புகையிலைத் தூளையோ துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும், பிய்த்து இழுக்காதீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வேறு தோட்டத்தில் புழங்கிய சாக்கு, பை, பறித்த பழம் எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது. காய்த் துளைப்பான் என்ற கடுகளவு வண்டு அப்படித்தான் மலைவிட்டு மலை தாவுகிறது. இந்தியாவில் அது முதலில் தென்பட்டது 1990-இல், நீலகிரியின் கூடலூர்ப் பக்கம். இன்று அதற்குப் பயப்படாத காப்பி விவசாயி இல்லை.

நிழலும் மண்ணும்

உள்ளே நுழைந்ததும் செடியைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். நல்ல தோட்டத்தில் நிழல் அடுக்கடுக்காக இருக்கும். மேலே சில்வர் ஓக், பலா, அத்தி. அதற்குக் கீழே கல்யாண முருங்கை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், மலைவாழை. மரத்தில் மிளகுக் கொடி. அடியில் காப்பி. தரையில் வெயில் சல்லடையில் விழுந்த மாதிரி பொட்டுப் பொட்டாக விழ வேண்டும். திட்டுத் திட்டாக வெட்டவெளி தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். மரம் விற்றிருக்கலாம், காற்றில் சாய்ந்திருக்கலாம்.

சில்வர் ஓக் மட்டுமே நிற்கும் தோட்டத்தைப் பார்த்தால் 'எவ்வளவு பச்சை' என்று மயங்க வேண்டாம். சீக்கிரம் வளரும், மரமாக விற்கலாம், மிளகு ஏற்றலாம் என்று நடுகிறார்கள். அதில் தப்பில்லை, அது விவசாயியின் சேமிப்புக் கணக்கு. ஆனால் அதன் இலை மக்க நாளாகும். கல்யாண முருங்கை பயறு வகைக் குடும்பம், வேரில் தழைச்சத்து சேர்க்கும், தழையும் சீக்கிரம் மக்கும். கலந்து நிற்கும் தோட்டத்தில் பறவையும் கூடுதல், விலை சரிந்த ஆண்டில் கைகொடுக்கும் வரும்படியும் கூடுதல்.

மலைவாழை இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். விருப்பாட்சி என்ற மலைவாழை ரகத்துக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம் இது. முடிக்கொத்து நோய் வந்து ஏக்கர் ஏக்கராக அழிந்த வாழை. நுனியில் இலைகள் குறுகிக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் கன்று கண்ணில் பட்டால் அந்த நோய்தான். தோட்டக்காரர் அதைத் தோண்டி எடுக்காமல் விட்டிருந்தால் கவனிப்பு குறைவு என்று அர்த்தம்.

இப்போது குனிந்து சருகை விலக்குங்கள். விரல் இரண்டு கணு இறங்குகிற அளவுக்குச் சருகு மெத்தை, அடியில் கறுத்த ஈர மண், புழு நெளிய வேண்டும். செம்மண் பாளமாக வெளியே தெரிந்தால் அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள், அல்லது மண்வெட்டியால் கொத்திச் சுரண்டியிருப்பார்கள். சரிவில் இரண்டும் கேடு. ஒரு மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போய்விடும். வரிசைக்கு இடையே மாற்றி மாற்றி வெட்டிய நீள்குழிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓடி வரும் மழைத்தண்ணீரை நிறுத்திப் பூமிக்குள் இறக்குவதற்கு அவை. குழியில் சேர்ந்த வண்டலை வருடா வருடம் வாரிச் செடித்தூரில் போடுகிறவர் கவனமான விவசாயி.

தண்டில் என்ன தெரியும்

அரபிகாவுக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். பட்டை வெடிப்பில் வண்டு முட்டையிடும், புழு தண்டுக்குள் சுரங்கம் போட்டு, பின்னாலேயே மரத்தூளை அடைத்துக்கொண்டே போகும். வெளியே துளை தெரியாது. தண்டைக் கையால் தடவினால் தோலுக்கு அடியில் கயிறு சுற்றிய மாதிரி மேடு தட்டும். இலை மஞ்சளாகித் தொங்கும். இளஞ்செடி ஓராண்டில் போய்விடும். பெரிய செடி ஒன்றிரண்டு ஆண்டு இழுத்துக்கொண்டு கிடக்கும். இந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும். மேலே சொன்ன நிழல் வெறும் அழகுக்கு அல்ல என்பது இங்கேதான் புரியும். நிழல் விட்டுப்போன இடத்தில்தான் முதலில் செடி சாகும்.

மருந்து அடிக்காமல் சமாளிக்கும் வழி இது. வண்டு பறக்கும் காலம் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–டிசம்பர் ஒன்று. அதற்கு முன்பே தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்து, பொருக்குப் பட்டையை உதிர்த்துவிடுவார்கள். முட்டையிட இடம் இருக்காது. கத்தியால் சுரண்டினால் பச்சைப் பட்டை காயப்பட்டு வேறு நோய் வரும். பிறகு 10 சதவீதச் சுண்ணாம்புப் பால், அதாவது 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு, தண்டிலும் தடித்த கிளையிலும் பூசுவார்கள். புழு இறங்கிய செடியை வண்டு வெளிவரும் முன் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசி வேலைதான். பிடுங்கிய செடியை விறகுக்கு ஆகும் என்று வீட்டுப் பின்புறம் அடுக்கி வைத்தால் வண்டு அங்கிருந்தே கிளம்பும். விறகு அடுக்கை ஒரு பார்வை பாருங்கள்.

பக்கத்திலேயே ஒரு இலையைத் திருப்புங்கள். அடியில் ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டினால் துரு நோய். அந்தக் கையோடும் சட்டையோடும் அடுத்த தோட்டத்துக்குப் போகாதீர்கள். இதற்குக் கைகண்ட மருந்து போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக, இரும்பு அல்லாத பீப்பாயில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்குவார்கள். சரியாக வந்ததா என்று பார்க்க அரிவாள் நுனியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். அரிவாள் பளிச்சென்றே இருந்தால் அடிக்கலாம். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். 'இயற்கை விவசாயம் என்கிறீர்கள், துத்தம் அடிக்கிறீர்களே' என்று சண்டைக்குப் போகாதீர்கள். செம்பு மருந்துக்கு இயற்கைச் சான்றிதழ் விதிகளிலும் கட்டுப்பாட்டோடு இடம் உண்டு. சான்றிதழ் என்றதும் இன்னொன்று: காப்பி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரசாயனத்தை நிறுத்தி 36 மாதம் ஆன பிறகே இயற்கைப் பொருள் என்று விற்க முடியும். இடைப்பட்ட காலத்தில் மகசூல் குறையும், கூடுதல் விலையும் கிடைக்காது. இரண்டு ஏக்கர்காரர் சான்றிதழ் வாங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காகிதம் இல்லை என்பதற்காக அவரைக் குறைத்து எடை போட வேண்டாம்.

பறிப்பு

பழுத்ததை மட்டும், ஒவ்வொன்றாகத் திருகிப் பறிப்பதுதான் சரி. கிளையை உருவினால் அடுத்த ஆண்டு பூ வரும் கணு போய்விடும். ஒரே செடிக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான்கைந்து தடவை திரும்ப வருவார்கள். கூலிச் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. உங்களுக்குக் கூடை கொடுத்தால் நல்ல சிவப்பை மட்டும் பறியுங்கள். பச்சையும் அரைப்பழமும் ஒரு பிடி கலந்தாலே காப்பி துவர்க்கும். பழத்தின் நுனிக் குழியில் குண்டூசித் துளை இருந்தால் அது காய்த் துளைப்பான். அதைத் தரையில் போடாமல் தனியே கொடுங்கள், கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கிக் கொன்றுவிடுவார்கள். தரையில் உதிர்ந்ததைக் கடைசிப் பழம் வரை பொறுக்குவதும் இந்த வண்டுக்காகத்தான். ஒரு பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள், தோலில் இனிப்பு இருக்கும். இரண்டு பருப்பும் வழுவழுவென்று நழுவும்.

பறிக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இந்த மலையின் பழங்குடியான பளியர் மக்களும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் காட்சிப் பொருள் அல்ல.

பல்பரும் களமும்

பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்க வேண்டும். சாக்கில் இரவு முழுக்க வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். முதலில் தண்ணீரில் கொட்டி மிதக்கும் பொக்கை நீக்குவார்கள், பிறகு பல்பரில் விடுவார்கள். பல்பர் இடைவெளி சரியாக இல்லாவிட்டால் கொட்டை நசுங்கும், அல்லது தோலோடு வரும். வெளியே விழுகிற கொட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது தொட்டியில் ஊறவைப்பது. கொட்டையைச் சுற்றியுள்ள கோந்து கழல அரபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம். மலையில் குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். கடிகாரத்தை நம்பாமல் கையை நம்புகிற வேலை இது. ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேய்த்தால் முதலில் சோப்பு மாதிரி வழுக்கும். பக்குவம் வந்ததும் சரளைக்கல்லைத் தேய்த்தது போலச் சரசரக்கும். குவியலில் ஒரு குச்சியைக் குத்தி உருவினால் துளை மூடாமல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் கழுவிவிட வேண்டும். தூங்கிப் போய் விட்டுவிட்டால் புளிச்ச நாற்றம் கொட்டைக்குள் இறங்கும், பிறகு எந்த வறுப்பும் அதை மறைக்காது.

இங்கேதான் நான்காவது சாட்சி. "அண்ணே, பல்பர் தண்ணி எங்க போகுது?" என்று கேளுங்கள். தயங்காமல் நடந்துபோய் ஒரு குழியைக் காட்டினால் நல்லது. இந்தத் தண்ணீர் கடும் புளிப்பு, ஓடையில் விட்டால் மீன் மிஞ்சாது, கீழே உள்ள ஊரின் குடிநீரும் கெடும். தொட்டியில் நிறுத்திச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, நாள் கணக்கில் தெளியவைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பழத்துக்குப் பயன்படுத்துவதும், தண்ணீர் குறைவாகக் கேட்கும் பல்பர் வாங்குவதும் செலவு தாங்குகிறவர்கள் செய்வது. பழத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தோலாகவே போகிறது. அது சாணத்தோடு குவிந்து மக்கிக்கொண்டிருக்கிறதா, ஓடைக்கரையில் கறுத்துக் கிடக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'கழுவாமலே காயவைக்கிறோம்' என்று சிலர் சொல்வார்கள். பழத்தோடு காயவைக்கும் செர்ரி முறை அது. தண்ணீர்ச் செலவு இல்லை. ஆனால் மழை மாதத்தில் பூசணம் பிடிக்காமல் காப்பாற்றுவது கஷ்டம்.

களத்தில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுங்கள். இது கோயில் மரியாதை மாதிரி சொல்லப்படுவதல்ல, காப்பி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மண் தரையில் காய்ந்த காப்பியில் மண் வாடை அடிப்பதும் அதனால்தான். சிமெண்ட் களமோ, இடுப்பு உயரக் கம்பிவலை மேசையோ இருக்க வேண்டும். கழுவி முடித்து, ஓடு நீக்காமல் இருக்கும் கொட்டையை, அதாவது பார்ச்மெண்ட் என்கிற ஓட்டுக்காப்பியை, நான்கு முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, மணிக்கொரு முறை கிளறி, சாயங்காலம் பனி விழுமுன் குவித்து மூடுவார்கள். நல்ல வெயிலில் ஏழு முதல் பத்து நாள். ஈரம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும். சரியாகக் காய்ந்த கொட்டையைக் கடித்தால் பல் பதியாது. அவசரப்பட்டு ஈரத்தோடு மூட்டை கட்டினால் வெளுத்துப்போகும், பூசணம் பிடிக்கும்.

வாங்கும்போது

ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் கொட்டை. வறுக்கும்போது அதிலும் 15 முதல் 20 சதவீத எடை போகும். நீங்கள் கையில் பிடித்திருக்கும் கால் கிலோ பாக்கெட்டுக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் பழம் போயிருக்கிறது, ஒவ்வொன்றும் கையால் பறித்தது. இந்தக் கணக்கை மனதில் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கடைப் பலகையில் பார்க்கும் 'பிளாண்டேஷன் ஏ' என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவின் பெரிய அளவுக் கொட்டை. அந்த எழுத்து அளவைக் குறிப்பது, ருசியை அல்ல. 'பீபெரி' என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாக உருண்ட கொட்டை. தோட்டத்தில் இப்படிப் பிரிக்காமல் கலந்தே தருவார்கள், அதில் குறை ஒன்றுமில்லை. வறுத்த தேதியைக் கேளுங்கள். பொடியாக வாங்காமல் கொட்டையாக வாங்கி, ஃபில்டருக்கு ஏற்றபடி வாராவாரம் அரைத்துக்கொள்ளுங்கள். சிக்கரி கலந்ததா என்றும் கேளுங்கள். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதம் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் வாங்குகிற காப்பியில் சிக்கரி இருந்தால், மலை ஏறி வந்ததற்கு என்ன அர்த்தம்!

வறுக்காத பச்சைக் கொட்டையும் கிடைக்கும். துணிப்பையில், வெங்காயம், மசாலா டப்பா பக்கம் போகாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வீட்டு இரும்பு வாணலியில் ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். கிளறக் கிளற ஒருபக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இருட்டினால் காட்டுமாடு காப்பி வரிசைக்குள் மேய இறங்கும். ஓடைப்பக்கம் போக வேண்டாம் என்று தோட்டக்காரர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கேட்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.